ஒன்பதாவது கேள்வி

அமெரிக்காவில் எங்காவது பெரிய துப்பாக்கிச் சூடு நடந்தால், மறுநாள் காலையில் எனக்கு வரும் கேள்வி இதுதான்: "துப்பாக்கி வாங்க வருகிறவனுக்கு ஒரு மனநலப் பரிசோதனை வைத்துவிட்டுக் கொடுத்தால் என்ன? கார் ஓட்டவே கண் பரிசோதனை செய்கிறார்களே?" கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். உறவினர்கள், நண்பர்கள், சில சமயம் என்னோடு வேலை செய்பவர்களே கேட்பதுண்டு. இந்த நாட்டில் ஒரு சிறிய கிளினிக்கில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். மனநோயோடு வருகிறவர்களைப் பார்க்கிறேன். வீட்டில் நாலைந்து துப்பாக்கி வைத்திருப்பவர்களையும் பார்க்கிறேன். பல நேரம் இரண்டும் ஒரே ஆள்தான். அதனால் இந்தக் கேள்விக்கு ஒருமுறையாவது முழுசாகப் பதில் எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் விஷயம், அப்படி ஒரு பரிசோதனையே கிடையாது. சர்க்கரைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், தைராய்டுக்குப் பார்க்கலாம். மனச்சோர்வுக்கோ, இருமுனைக் கோளாறுக்கோ, மனச்சிதைவுக்கோ 'இருக்கிறது, இல்லை' என்று சொல்லும் ரத்தப் பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. மருத்துவர் உட்கார்ந்து பேசுகிறார், வீட்டு ஆட்களிடம் விசாரிக்கிறார், அறிகுறிகள் எத்தனை நாளாக இருக்கின்றன என்று பார்க்கிறார். நோய் இன்னதென்று அப்படித்தான் முடிவாகிறது. எதிரே இருப்பவர் மனம் திறந்து பேசினால்தான் அதுவும் நடக்கும். உண்மையைச் சொன்னால் துப்பாக்கி கிடைக்காது என்று தெரிந்தே வருகிறவர் எதற்காக உண்மையைச் சொல்வார்?

எங்கள் கிளினிக்கில் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுப்போம். பி.எச்.க்யூ-9 என்று பெயர். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் இருக்கிறதா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கடைசிக் கேள்வி, 'செத்துப் போனால் நன்றாக இருக்கும் என்றோ, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா' என்று கேட்கும்.

ஒருவர் வந்தார். (அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அறுபதைத் தாண்டியவர். மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. முதுகுவலி என்று சொல்லித்தான் வந்திருந்தார். தொப்பியை முழங்காலில் மாட்டி வைத்துக்கொண்டு எட்டுக் கேள்விகளையும் மளமளவென்று முடித்தார். ஒன்பதாவதில் பேனா நின்றது. நான் பக்கத்தில் ரத்த அழுத்தக் கருவியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "இது யார் யாருக்குப் போகும்?"

"டாக்டருக்கு. அப்புறம் எனக்கு."

"ஷெரிஃபுக்கு?"

"போகாது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க அப்பாவோட ரைஃபிள் வீட்டில் இருக்கு. அதை எடுத்துட்டுப் போயிடுவாங்களா?" என்றார்.

பேனா முனை அழுந்தி நின்ற இடத்தில் தாளில் ஒரு சின்ன மைப்புள்ளி இருந்தது. அதன் பக்கத்தில்தான் கடைசியில் '1' என்று வட்டமிட்டார். 'சில நாட்கள்' என்று அர்த்தம். அந்தப் புள்ளியை நான் இன்னும் மறக்கவில்லை. துப்பாக்கி உரிமையையும் மனநோயையும் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். இப்படிப்பட்ட மனிதர்கள் எத்தனை பேர் அந்த இடத்தில் '0' போட்டுவிட்டு முதுகுவலி மாத்திரையோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் மனநோய் உள்ள எல்லாரையும் தடுக்கவில்லை. இரண்டு வகையினரைத்தான் தடுக்கிறது. ஒன்று, மனநலக் காரணத்தால் ஆபத்தானவர் என்றோ தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் என்றோ நீதிமன்றம் போன்ற ஓர் அமைப்பு தீர்மானித்தவர். இன்னொன்று, அவருடைய விருப்பம் இல்லாமலே சட்டப்படி மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். தானாகப் போய்ச் சேர்ந்தவருக்கு மத்தியச் சட்டத்தில் தடை இல்லை. துப்பாக்கிக் கடையில் 4473 என்ற படிவத்தில் இதைக் கேட்பார்கள். அவரே ஆம் அல்லது இல்லை என்று குறிப்பார். 1998 முதல் கடைக்காரர்கள் என்.ஐ.சி.எஸ். என்ற பின்னணிச் சோதனை அமைப்பில் பெயரைச் சரிபார்க்கிறார்கள். இந்த வழியில் எங்கேயும் ஒரு மருத்துவர் குறுக்கே வருவதில்லை.

இந்த அமைப்பில் பெரிய ஓட்டைகள் இருந்தன, இன்னும் இருக்கின்றன. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரலில் 32 பேரைச் சுட்டுக்கொன்ற மாணவனை, அவன் தனக்கே ஆபத்தானவன் என்று 2005 டிசம்பரிலேயே நீதிமன்றம் கண்டிருந்தது. வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற உத்தரவும் போட்டிருந்தது. ஆனால் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவர்களின் பெயரை மட்டுமே அந்த மாநிலம் அனுப்பிக்கொண்டிருந்தது. அவன் பெயர் பட்டியலுக்குப் போகவில்லை. இரண்டு கைத்துப்பாக்கிகளை வாங்கினான், இரண்டு முறையும் சோதனையில் தேறினான். அங்கே தேவைப்பட்டது புதுப் பரிசோதனை அல்ல. ஒரு நீதிபதி எழுதி வைத்த தாள் சரியான இடத்துக்குப் போயிருந்தால் போதும். அடுத்த வருடமே இதற்காக ஒரு சட்டத் திருத்தம் வந்தது. ஆனாலும் பெயர்களை அனுப்பச் சொல்லி மாநிலங்களை மத்திய அரசு நேரடியாகக் கட்டாயப்படுத்த முடியாது. நிதியைக் காட்டித்தான் இழுக்க முடிகிறது.

இதே சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மிச்சிகனில் ஒருவர் 1980-களின் நடுவில் மணமுறிவால் உடைந்துபோய், ஒரு மாதத்துக்கும் குறைவாக மனநல மருத்துவமனையில் இருந்தார். பிறகு வேலை பார்த்தார், மறுபடி திருமணம் செய்துகொண்டார், எந்தச் சிக்கலும் இல்லை. 2011-இல் துப்பாக்கி வாங்கப் போனபோது, அந்தப் பழைய சில வாரங்களைக் காட்டி மறுத்துவிட்டார்கள். 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படி வாழ்நாள் முழுக்கத் தடுப்பதற்கு அரசு காரணம் காட்ட வேண்டும் என்று சொல்ல வேண்டி வந்தது. எனக்குத் துப்பாக்கிகள் மேல் துளியும் பிரியம் கிடையாது. ஆனாலும் அந்த வழக்கைப் படித்தபோது அவர் பக்கம்தான் நின்றேன். எலும்பு முறிந்து கட்டுப்போட்ட ஒருவரை 30 வருடம் கழித்தும் நொண்டி என்று கூப்பிடுவோமா?

அதே 2016-இல் ஒபாமா அரசு ஒரு விதி கொண்டுவந்தது. மனநலக் குறைபாட்டுக்காக அரசு உதவித்தொகை வாங்கி, அந்தப் பணத்தைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரை வைத்திருப்பவர்களின் பெயர்களைத் தடைப் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும் என்றது. சுமார் 75,000 பேரைப் பாதிக்கும் என்று சொன்னார்கள். 2017 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை ரத்து செய்தது, டிரம்ப் கையெழுத்திட்டார். எனக்கு அன்று கடும் கோபம். துப்பாக்கிக்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன், குடியுரிமைகளுக்காக வழக்காடும் ஏ.சி.எல்.யூ. அமைப்பும் மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளும் அந்த விதியை எதிர்த்திருந்தன. அவர்கள் கேட்டது எளிய கேள்வி: வங்கிக் கணக்கைக் கையாளத் தெரியாததற்கும் ஒருவரைச் சுடுவதற்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் பதில் இல்லை. நான் நினைத்தது தவறு என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

அமெரிக்காவில் நடக்கும் வன்முறையில் கடுமையான மனநோயால் மட்டும் நேர்வது சுமார் 4 சதவீதம் என்று டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜெஃப்ரி ஸ்வான்சன் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். இந்த நோயாளிகள் எல்லாரையும் நாளைக்கே குணப்படுத்திவிட்டாலும் மீதி 96 சதவீதம் அப்படியே இருக்கும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 10 லட்சம் பேர், அவர்களில் வன்முறையில் இறங்கப் போகிறவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும் ஒரு பரிசோதனை இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அது 90 பேரைப் பிடிக்கும். கூடவே எந்தத் தப்பும் செய்யப் போகாத சுமார் ஒரு லட்சம் பேரையும் ஆபத்தானவர் என்று சொல்லும். இவ்வளவு துல்லியமான பரிசோதனைகூட இன்று யாரிடமும் இல்லை.

ஜப்பானில் மருத்துவர் சான்றிதழ் கேட்கிறார்களே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அங்கே அது ஒரு கட்டு ஆவணத்தில் ஒரு தாள். வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு, குடும்பத்தாரிடம் போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. துப்பாக்கி வைத்திருப்பதை உரிமை என்று அரசியலமைப்பில் எழுதிவைத்திருக்கும் நாட்டில், அந்த ஒரு தாளை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்து ஒட்ட முடியாது.

இதில் யாரும் அதிகம் பேசாத, எனக்கு நெஞ்சை அறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. 2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,204 பேர். அதில் 27,032 பேர் தற்கொலை. பாதிக்கு மேல். தொலைக்காட்சியில் வருவது பள்ளிக்கூடமும் கடைவீதியும். எண்ணிக்கையில் கூடுதலாக நடப்பது பூட்டிய படுக்கையறைகளில். துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைப்பதில்லை. வேறு வழியில் முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலோர், பத்தில் ஒன்பது பேர், பிற்காலத்தில் தற்கொலையால் சாவதில்லை. அந்த வேளை கடந்துபோய்விடுகிறது. அந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. மனநோயையும் துப்பாக்கியையும் சேர்த்துப் பேச வேண்டிய இடம் இதுதான். நோயாளி ஊரைச் சுட்டுவிடுவார் என்று பயந்து சட்டம் எழுதுகிறோம். அவர் தன்னையே முடித்துக்கொள்ளும் ஆபத்தைப் பேச மறக்கிறோம்.

ஆகவே கேட்க வேண்டியது 'இவருக்கு என்ன நோய்' என்பதல்ல. 'இந்த வாரம் இவரால் இவருக்கோ மற்றவருக்கோ ஆபத்தா' என்பது. கனெக்டிகட் 1999-லேயே இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. இன்று 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. ரெட் ஃப்ளாக், அதாவது சிவப்புக் கொடிச் சட்டம் என்பார்கள். ஒருவர் மிரட்டினாலோ, சாகப் போகிறேன் என்றாலோ, போலீஸ் நீதிபதியிடம் போகலாம். பல மாநிலங்களில் குடும்பத்தாரே நேராகப் போகலாம். நோய்ப் பெயர் எதுவும் வேண்டாம், நடந்துகொண்ட விதம் போதும். குறிப்பிட்ட காலத்துக்குத் துப்பாக்கியை எடுத்து வைத்துக்கொள்வார்கள். விசாரணை உண்டு, அவர் தன் பக்கத்தைச் சொல்லலாம், காலம் முடிந்தால் திருப்பித் தருவார்கள். கனெக்டிகட்டில் இப்படித் துப்பாக்கிகள் எடுக்கப்பட்ட 762 சம்பவங்களை ஸ்வான்சன் குழு ஆராய்ந்தது. 10 முதல் 20 முறை எடுத்ததற்கு ஒரு தற்கொலை வீதம் தடுக்கப்பட்டிருக்கிறது என்பது அவர்கள் மதிப்பீடு. உரிமை என்னாகும் என்று கேட்பவர்களுக்கு, 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த ரஹிமி தீர்ப்பைப் பாருங்கள். அது குடும்ப வன்முறை வழக்கு. ஆனாலும், பிறர் உயிருக்கு ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கண்டவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக விலக்கி வைக்கலாம் என்று எட்டு நீதிபதிகள் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர்தான் மறுத்தார்.

மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக நடுவில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மெய்ன் மாநிலம் இருக்கிறது. அங்கே 'மஞ்சள் கொடி' என்று தனியாக ஒரு சட்டம். போலீஸ் முதலில் ஆளைக் காவலில் எடுக்க வேண்டும், பிறகு மருத்துவர் மதிப்பீடு, அதன் பிறகு நீதிபதி. ஒருவர் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை என்றால் முதல் படியிலேயே எல்லாம் நின்றுவிடும். அதுதான் நடந்தது. ராணுவ ரிசர்வ் படைவீரர் ஒருவர் 2023 ஜூலையில் இரண்டு வாரம் மனநல மருத்துவமனையில் இருந்து வந்தவர். குடும்பம் எச்சரித்தது, கூட வேலை செய்த வீரரே எச்சரித்தார். போலீஸார் கதவைத் தட்டினார்கள், அவர் திறக்கவில்லை, திரும்பிப் போனார்கள். அக்டோபர் 25 அன்று லூயிஸ்டன் நகரில் அவர் சுட்டதில் 18 பேர் செத்தார்கள். அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தப் போதுமான காரணம் அப்போதே இருந்தது என்று பின்னால் விசாரணைக் குழு சொன்னது. 2025 நவம்பரில், குடும்பத்தார் நேரடியாக நீதிமன்றம் போக வழிசெய்யும் சட்டத்துக்கு மெய்ன் மக்களே வாக்களித்தார்கள்.

சட்டத்துக்கு முந்தைய இடத்திலும் வேலை இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் 2009-இல் ஒரே கடையில் ஒரே வாரத்துக்குள் மூன்று பேர் துப்பாக்கி வாங்கி, சில மணி நேரத்திலேயே உயிரை விட்டார்கள். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள். அதிலிருந்து துப்பாக்கிக் கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து, வாங்க வருகிறவரிடம் தளர்ச்சி தெரிந்தால் விற்காமல் பேச்சுக் கொடுப்பது எப்படி என்று கையேடு தயாரித்தார்கள். வாஷிங்டன், வர்ஜீனியா, யூட்டா மாநிலங்களில் 'எனக்குத் துப்பாக்கி விற்காதீர்கள்' என்று ஒருவர் தன் பெயரைத் தானே பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம், பிறகு எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். தெளிவாக இருக்கும் நாளில், இருண்டுபோகும் நாளுக்காகத் தானே போட்டுக்கொள்ளும் தாழ்ப்பாள் அது. இது எல்லா மாநிலங்களிலும் வர வேண்டும் என்பது என் ஆசை.

அந்த மனிதரை டாக்டர் அன்று 40 நிமிடம் உட்கார வைத்துப் பேசினார். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். ரைஃபிளைப் பறிக்கும் பேச்சே வரவில்லை. "இந்தக் குளிர்காலம் முடியும்வரை நீங்கள் நம்பும் ஒருவரிடம் கொடுத்து வைக்கலாமா?" என்றுதான் கேட்டார். அவர் தன் மனைவியின் தம்பி பெயரைச் சொன்னார். என் மேசையில் இருந்த போனிலேயே அவரைக் கூப்பிட்டார். "எங்க அப்பா ரைஃபிளைக் கொஞ்ச நாள் உன் வீட்டுல வெச்சிருக்கணும்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஏன் என்றும் கேட்கவில்லை. அன்று மாலையே வந்து எடுத்துப் போனாராம். 988 என்ற உதவி எண்ணை ஒரு சீட்டில் எழுதி அவர் தொப்பிக்குள் செருகிக் கொடுத்தேன்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். முதுகுவலி இன்னும் இருக்கிறது. ஒன்பதாவது கேள்வியில் பேனா நிற்பதில்லை, சில தடவை 0, ஒரு தடவை மறுபடி 1. மான் வேட்டைப் பருவம் வருகிறது, ரைஃபிளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று போன தடவை கேட்டார். அடுத்த வாரம் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம்.