தாய்மொழிக்கு ட்யூஷனா?

ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் அந்த ஐயா மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னதைப் பாதிப் பேர் நேரிலேயே கேட்டீர்கள், மீதிப் பேருக்கு வீடியோ வந்திருக்கும். "பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தனி வகுப்பாம். தாய்மொழிக்கு ட்யூஷனா?" மண்டபமே சிரித்தது. அந்த வகுப்பை நடத்துகிற நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

ஐயா, மொரீஷியசில் இன்று எத்தனை தாய்மார் பிள்ளையைத் தமிழில் கொஞ்சுகிறார்கள்? வீட்டில் கிரியோல், பேப்பரில் பிரெஞ்சு, பரீட்சையில் ஆங்கிலம். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் படித்து வருகிற மொழி. படித்து வருகிற மொழிக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு பெண் "நான் அம்மா பார்த்தேன்" என்று எழுதிக்கொண்டு வந்தாள். சோம்பல் இல்லை. கிரியோலில் அம்மாவுக்கு 'மாமா' என்று பெயர்; அம்மா பார்த்தாலும் அம்மாவைப் பார்த்தாலும் அந்த 'மாமா' மாமாதான், வேற்றுமை உருபே கிடையாது. மோ தி அலே, தோ தி அலே, லி தி அலே. யார் போனாலும் வினை அசையாது. நம்மிடமோ போனேன், போனாய், போனான், போனாள். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் காட்டினால் ஒரு மணி நேரத்தில் புரிகிறது, காட்டாவிட்டால் மூன்று வருடமும் சிவப்பு மைதான்.

நானும் அப்படித்தான் வந்தேன். முதல் வருடம் 'கற்றூண்' என்ற சொல்லுக்குப் பொருள் எழுதச் சொன்னார்கள். கற்ற, ஊண் என்று பிரித்து 'படித்த சோறு' என்று எழுதி வைத்தேன். கல்லும் தூணும் சேர்ந்தால் இப்படி ஆகும் என்று எனக்கு யார் சொன்னது? வகுப்பே சிரித்தது, ரோஸ் ஹில் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். அப்புறம் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டீச்சர்தான் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் புணர்ச்சி சொல்லிக்கொடுத்தார். அவர் இல்லையென்றால் இன்று நான் வேறு ஏதாவது ஆபீசில் இருந்திருப்பேன்.

"எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லையே" என்பீர்கள். உங்கள் காலத்தில் பாட்டி இருந்தார். காசுக்காகச் செய்கிறேன் என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருக்கிறார், ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை, போதுமா? நோட்ஸ் மட்டும் வாங்கிப்போக வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், சரி, இரண்டு பேர்.

கணக்குக்கு லெசோன், அதாவது ட்யூஷன், பிரெஞ்சுக்கு லெசோன், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகூடப் பள்ளி விட்டதும் பையோடு லெசோனுக்கு ஓடுகிறது. அதில் யாருக்கும் மானம் போவதில்லை. தமிழ் என்றதும் மட்டும் போய்விடுகிறது!

1998-ல் நம் மொரீஷியஸ் புது ரூபாய் நோட்டில் இந்தி மேலேயும் தமிழ் கீழேயும் போய்விட்டது என்று கொதித்தோம். நோட்டையே திரும்பப் பெற வைத்தோம். பெருமைதான், நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் அன்று மேடையில் இருந்தவர்களில் எத்தனை பேர் அந்த நோட்டில் இருக்கிற தமிழை எழுத்துக்கூட்டாமல் படிப்பார்கள்? கேட்கக்கூடாது, பெரியவர்கள். ஐயாவின் பேச்சேகூட முக்கால்வாசி கிரியோல்தான், அந்தக் கேலி ஒன்றுதான் சுத்தத் தமிழ்.

நேற்று ராத்திரி அந்தப் பெண்ணிடமிருந்து மெசேஜ்: "மிஸ், மோ ஓந்தே வினி." வர வெட்கமாக இருக்கிறதாம்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வழக்கம்போல வகுப்பு உண்டு. இரண்டாம் வேற்றுமை பாதியில் நிற்கிறது.