மாடல் டெஸ்டர் கைக்கும் வரவேண்டும்

மென்பொருள் சோதனை வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். திட்டம் தொடங்கியதும் சிஸ்டம் எஞ்சினியர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து மாடல் போடுகிறார்கள், அதாவது கருவி எப்படி இயங்க வேண்டும் என்று வரைந்து வைக்கிறார்கள். கருவி எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு எப்போது மாறும், யார் யாருக்கு என்ன சிக்னல் அனுப்புவார்கள், ஒவ்வொரு அளவும் எங்கிருந்து எங்கு வரை போகலாம், எல்லாமே அதில் இருக்கும். ரிவ்யூ முடிந்து கையெழுத்தும் ஆகிவிடும். அப்புறம் டெஸ்டிங் குழுவுக்கு வருவது ஒரு வேர்ட் ஆவணம். நடுநடுவே அந்த மாடலின் ஸ்கிரீன்ஷாட், அதுவும் பாதி எழுத்து படிக்க முடியாத அளவில். டெஸ்டர்கள் அதைப் படித்து, அதே மாடலைத் தங்கள் தலைக்குள் மறுபடியும் கட்டி, எதைக் கொடுத்தால் என்ன வர வேண்டும் என்று எக்செல்லில் டெஸ்ட் கேஸ் எழுதுகிறார்கள். தலைக்குள் கட்டியது தப்பாக இருந்தால் அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஏன் இப்படி என்று கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும். மாடலிங் டூலின் லைசென்ஸ் விலை அதிகம், டெஸ்டர்களுக்கெல்லாம் வாங்க முடியாது என்பது ஒன்று. சோதிக்கிறவர்கள் வடிவமைத்தவர்களைச் சார்ந்திருக்கக் கூடாது என்பது இன்னொன்று. முதல் பதிலை நான் ஏற்கவே மாட்டேன். இரண்டாவதில் உண்மை இருக்கிறது, அதைப் பிறகு பேசுகிறேன்.

இந்த விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஏரியான் 5 முக்கியக் காரணம். 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். ஐரோப்பாவின் புது ராக்கெட்டுக்கு அது முதல் பயணம், உள்ளே க்ளஸ்டர் திட்டத்தின் நான்கு செயற்கைக்கோள்கள். தரையை விட்டுக் கிளம்பிய சுமார் 30 வினாடியில், ராக்கெட்டின் வேகத்தையும் சாய்வையும் கணக்கிடும் கருவி நின்றுபோனது. அதற்கு மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவி ஒரு கணம் முன்பே நின்றிருந்தது. இரண்டிலும் ஒரே மென்பொருள் ஓடியதால் காரணமும் ஒன்றுதான். நின்றுபோன கருவி அனுப்பிய பழுதுக் குறிப்பை முதன்மைக் கணினி உண்மையான பறப்புத் தகவல் என்று எடுத்துக்கொண்டது. ராக்கெட் விலகிப் போகிறது என்று நினைத்து எஞ்சின் முனைகளை முழுவதுமாகத் திருப்பியது. சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் ராக்கெட் உடைந்து சிதறியது.

64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணுக்குள் அடைக்கப் பார்த்தார்கள், கொள்ளவில்லை. இந்த வரியோடு பெரும்பாலான வகுப்புகள் கதையை முடித்துவிடுகின்றன. ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு அடுத்த மாதமே கொடுத்த அறிக்கையை முழுதாகப் படித்துப் பாருங்கள். அதிலிருக்கும் செய்தி இதைவிடப் பெரியது.

அந்தக் கருவியின் மென்பொருள் முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-லிருந்து வந்தது. அங்கே நன்றாக ஓடிய கோட். எண் வழிந்துவிடும் ஆபத்துள்ள மாறிகள் ஏழு என்று அப்போதே கண்டுபிடித்திருந்தார்கள். கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் நான்குக்கு மட்டும் பாதுகாப்பு வைத்தார்கள். மீதி மூன்றில் எண் அந்த அளவுக்குப் பெரிதாகாது என்று முடிவு செய்தார்கள். ஏரியான் 4 பறக்கும் பாதைக்கு அது சரியான கணக்கு. ஆனால் ஏரியான் 5-இல் கிடைமட்ட வேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறும். பாதுகாப்பு வைக்காமல் விட்டதற்கு என்ன காரணம் என்று சோர்ஸ் கோடில் ஒரு குறிப்பும் இல்லை என்று விசாரணைக் குழு எழுதியிருக்கிறது. அதாவது கோட் புது ராக்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, அந்தக் கோட் எந்த உலகத்தை நம்பி எழுதப்பட்டதோ அந்த விவரம் போய்ச் சேரவில்லை.

என்னை இன்னும் வருத்துவது அடுத்த விஷயம். ஏரியான் 5 எந்தப் பாதையில் பறக்கும் என்ற விவரம் அவர்களிடம் இருந்தது. அந்தப் பாதை விவரத்தை இந்தக் கருவியின் தேவைகளில் சேர்க்க வேண்டாம் என்று எல்லாத் தரப்பும் சேர்ந்தே முடிவு செய்தார்கள். ஒட்டுமொத்த ராக்கெட்டையும் சிமுலேஷனில் ஓட்டிச் சோதித்தபோது இந்தக் கருவியை வைக்கவில்லை, அதன் வேலையைப் பாவனை செய்யும் ஒரு மென்பொருளை வைத்தார்கள். கருவிதான் தனியாகத் தேறிவிட்டதே என்ற நம்பிக்கை. விபத்துக்குப் பிறகு கருவியின் உண்மையான மென்பொருளையும் பறப்பின் பாதைத் தரவையும் சேர்த்து சிமுலேஷனில் ஓட்டிப் பார்த்தார்கள். நடந்தது அப்படியே திரும்ப நடந்தது. கிளம்புவதற்கு முன்பே, கணித்து வைத்திருந்த பாதையைக் கொண்டு செய்திருக்க வேண்டிய சோதனை அது.

கருவியை நிறுத்திய அந்தக் கணக்கு ஏரியான் 5 கிளம்பிய பிறகு தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி நொடிகளில் கவுண்ட்டவுன் நின்றால் மறுபடி சீக்கிரம் தொடங்குவதற்காகப் பழைய ராக்கெட்டுகளுக்கு வைத்த ஏற்பாடு, கிளம்பிய பிறகும் சுமார் 40 வினாடி ஓடிக்கொண்டிருக்கும். புது ராக்கெட்டின் நிலை மாற்றங்களை வரைந்து வைத்துக்கொண்டு, தரையை விட்டபின் இது ஏன் ஓடுகிறது என்று ஒரு டெஸ்டர் கேட்டிருந்தால் யாரிடமும் பதில் இருந்திருக்காது.

இதே வகையில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது அமெரிக்க விண்கலமான மார்ஸ் போலார் லேண்டர். 1999 டிசம்பர் 3 அன்று செவ்வாயில் இறங்கும்போது தொடர்பு அறுந்தது, பிறகு ஒரு சத்தமும் இல்லை. விசாரணைக் குழு மிகவும் சாத்தியமானது என்று சொன்ன காரணம் இது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் கால்கள் விரியும்போது அந்த அதிர்வில் 'தரை தட்டிவிட்டது' என்று சென்சார் ஒரு பொய்ச் சிக்னலைக் கொடுக்கும். மென்பொருள் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். 40 மீட்டர் உயரத்தில் சென்சாரைக் கவனிக்கத் தொடங்கியதும், தரைக்கு வந்துவிட்டோம் என்று எஞ்சினை அணைத்துவிடும். இப்படிப் பொய்ச் சிக்னல் வரலாம் என்பது சிஸ்டம் மட்டத்தில் தெரிந்ததுதான், அதனால்தான் உயரம் குறையும் வரை சென்சார் தகவலைப் பயன்படுத்தக் கூடாது என்று விதியே இருந்தது. விதியின் காரணம் மட்டும் மென்பொருள் தேவை ஆவணத்துக்குத் தெளிவாக இறங்கவில்லை. கால் விரியும் நிகழ்வையும் சென்சாரையும் எஞ்சினையும் ஒரே நிலை வரைபடத்தில் வைத்து, அதையே டெஸ்டர்கள் சோதனைக்கு எடுத்திருந்தால், அந்த வழியாக ஒரு டெஸ்ட் கேஸ் தானாகவே வந்து நின்றிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

சரி, சார்ந்திருக்கக் கூடாது என்ற அந்த இரண்டாவது பதிலுக்கு வருகிறேன்.

வடிவமைத்தவர் மாடலில் ஒரு தப்பு இருந்து, டெஸ்டரும் அதே மாடலை எடுத்துக்கொண்டால், இருவரும் ஒரே தப்பை ஒரே மாதிரி நம்புவார்கள். உண்மைதான். குறிப்பாக இப்போது பல இடங்களில் மாடலிலிருந்தே கோட் உருவாக்குகிறார்கள், அதே மாடலிலிருந்து டெஸ்ட் கேஸும் உருவாக்குகிறார்கள். எல்லா டெஸ்டும் பாஸ் ஆகும். ஒரே பையன் பரீட்சையும் எழுதி, அவனே விடைக்குறிப்பும் தயாரித்து மார்க் போட்டுக்கொண்ட மாதிரி. அந்த டெஸ்ட், மாடலைக் கோடாக மாற்றும் ஜெனரேட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைக் காட்டும், அதற்கு மேல் ஒன்றும் காட்டாது. விமான மென்பொருளுக்கான டிஓ-331 வழிகாட்டி 2011-லேயே இதில் கறாராக இருந்தது. ஒரு மாடல் தேவையைச் சொல்லும் மாடலாக இருக்கலாம், வடிவமைப்பைச் சொல்லும் மாடலாக இருக்கலாம், ஒன்றே இரண்டுமாக இருக்க முடியாது. நல்ல விதி.

ஆனால் மாடலைக் கண்ணில் காட்டாமல் இருந்தால் டெஸ்டர் சார்பில்லாமல் சிந்திப்பார் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. மென்பொருள் ஆய்வாளர்கள் ஜான் நைட்டும் நான்சி லெவ்சனும் 1986-இல் வெளியிட்ட பரிசோதனை இங்கே முக்கியம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்திலும் ஒரே தேவை ஆவணத்தைக் கொடுத்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் 27 நிரல்கள் எழுத வைத்தார்கள். ஒவ்வொன்றையும் 10 லட்சம் உள்ளீடுகளால் சோதித்தார்கள். தனித்தனியாக எழுதியவை தனித்தனி இடங்களில்தான் தவறும் என்று எதிர்பார்த்ததற்கு மாறாக, பல நிரல்கள் ஒரே உள்ளீட்டில் சேர்ந்து தவறின. கஷ்டமான இடம் எல்லாருக்குமே கஷ்டமாக இருக்கிறது. ஆட்களைப் பிரித்து உட்கார வைப்பதால் சிந்தனை தானாகப் பிரிந்துவிடாது.

எனவே மாடலில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று பார்ப்பதுதான் சரி. வெளிச் சூழலைச் சொல்லும் மாடல், யார் யாருக்கு என்ன அனுப்புவார்கள் என்ற இடைமுக அட்டவணைகள், அளவுகளின் எல்லைகள், நிலை வரைபடம், தேவைக்கும் டிசைனுக்கும் போட்ட இணைப்புகள், இவற்றைத் தயங்காமல் எடுக்கலாம். எங்கே சோதிக்க வேண்டும், எந்த மூலையை விட்டுவிட்டோம் என்பதை அவை காட்டும். சோதனையின் சரியான விடை என்ன என்பதை மட்டும் வடிவமைப்பு மாடலிடம் கேட்கக் கூடாது. அது வாடிக்கையாளர் தேவையிலிருந்து வரட்டும், இயற்பியலிலிருந்து வரட்டும், அந்தக் கருவியை வருடக்கணக்கில் கையாண்ட ஆப்பரேட்டரிடமிருந்து வரட்டும். எடுத்த மாடலையும் முதலில் சோதிக்க வேண்டும். ஒரு நிலைக்குள் போய்விட்டு வெளியே வர வழியில்லாத இடம், ஒரே நேரத்தில் இரண்டு சிக்னல் வந்தால் என்ன என்று சொல்லாத இடம், இப்படிப்பட்டவை கோட் எழுதுவதற்கு முன்பே மாடலில் தெரிந்துவிடும். கோடில் பிடிப்பதைவிட அங்கே பிடிப்பது எவ்வளவோ மலிவு.

அமெரிக்காவின் நாசா இதற்காகவே மேற்கு வர்ஜீனியாவின் ஃபேர்மான்ட்டில் தனி மையம் வைத்திருக்கிறது. மென்பொருளை எழுதியவர்களுக்குச் சம்பந்தமில்லாதவர்கள் அங்கே அதைச் சரிபார்க்கிறார்கள். அத்தனை வசதி நம் நிறுவனங்களில் கிடைக்காது, தேவையும் இல்லை. ஆனால் மாடல் ரிவ்யூவுக்கு ஒரு டெஸ்டரைக் கூப்பிடுவதற்குச் செலவே கிடையாது. ஒவ்வொரு எல்லை மதிப்புக்கும் பக்கத்தில் 'இது எதை நம்பி வைத்தது' என்று ஒரு வரி எழுத ஐந்து நிமிடம் போதும். கோட் வேறொரு திட்டத்துக்குப் போகும்போது, அந்த வரிகளையெல்லாம் புதுச் சூழலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பழைய டெஸ்ட் ரிப்போர்ட்டை ஏற்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

லைசென்ஸ் விஷயத்துக்கு வந்தால், அந்தச் சாக்குக்கு இப்போது வயதாகிவிட்டது. தரநிலைகளை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு 2025-இல் ஏற்றுக்கொண்ட, சிஸ்டம் மாடல்களை எழுதும் மொழியான சிஸ்எம்எல்லின் இரண்டாம் பதிப்பில் மாடலைப் படமாக மட்டுமின்றி வெறும் எழுத்தாகவும் எழுதலாம். எழுத்து என்றால் கோட் இருக்கும் அதே கிட் ரெபாசிட்டரியில், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிடங்கில், வைக்கலாம். நேற்றைக்கும் இன்றைக்கும் எந்த எல்லை மதிப்பு மாறியது என்று எந்த எடிட்டரிலும் திறந்து பார்க்கலாம். உங்கள் குழு புது டூலுக்கு மாறப்போகிறது என்றால், வாங்குவதற்கு முன்பே டெஸ்டர்களுக்கும் அந்த ரெபாசிட்டரியில் படிக்கும் உரிமை வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.