"தனிப்பட்ட காரணம்"னு எழுதின புண்ணியவானுக்கு

நேத்துல இருந்து எல்லாரும் ஷேர் பண்ணிட்டிருக்கிற அந்த ஃபேக்டரி விபத்து ரிப்போர்ட்ட நானும் படிச்சேன். நைட் ஷிஃப்ட்ல மெஷின் முன்னாடி மயங்கி விழுந்த பொண்ணு. காரணம்னு இருக்கிற கட்டத்துல ரெண்டே வார்த்தை, "தனிப்பட்ட காரணம்". அடேங்கப்பா, விசாரணை முடிஞ்சிருச்சு!

விடாம ஆறு நைட்டு, எட்டாத டார்கெட், பாத்ரூம் போனா வாசல்லயே வாட்ச பாத்துட்டு நிக்கிற சூப்பர்வைசர், இதெல்லாம் அவளோட தனிப்பட்ட காரணமாம். சூப்பர்வைசர அவ வீட்ல இருந்தா கூட்டிட்டு வந்தா?

நானும் லைன்ல நின்னவதான். எனக்குக் கொடுத்த கிளவுஸ் ஆம்பளைங்க சைஸ், விரல் நுனி தாண்டி ஒரு இஞ்ச் தொங்கும். ஒரு நாள் அந்த நுனிய ரோலர் கவ்விருச்சு. கிளவுஸ் உள்ள போச்சு, கை வெளிய வந்துருச்சு. "பாத்தியா, லூசா இருந்தது நல்லதாப் போச்சு"ன்னாரு சூப்பர்வைசர். சுத்தி எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். நியர் மிஸ்னு, அதாவது அடிபடாம தப்பிச்ச விபத்துன்னு, ரெஜிஸ்டர்ல ஏத்திட்டாங்க, காரணம் கவனக்குறைவு. வாஸ்தவம்தான், என் கண்ணு ரோலர்ல இல்ல, அந்தாளு எனக்குப் பின்னாடி எங்க நிக்கிறாருன்னுதான் பாத்துட்டிருந்தேன். பக்கத்துல வந்து காதுகிட்ட என்ன பேசுவாருன்னு லைன்ல நின்ன எல்லா பொண்ணுக்கும் தெரியும். அவர்கிட்ட போய் பாத்ரூமுக்கு பர்மிஷன் கேக்கக் கூசி தண்ணியே குடிக்காம இருந்து யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்துச்சே, அத எந்த ரெஜிஸ்டர்ல ஏத்துனாங்க?

"ஆம்பளைக்கும் டென்ஷன் இருக்கு"ன்னு ஒருத்தர் கிளம்பி வருவாரு. இருக்கு சார், இல்லன்னு யாரு சொன்னா. அதையும் ரெஜிஸ்டர்ல எழுதச் சொல்லுங்க.

"மனசு கஷ்டத்துக்கெல்லாம் கம்பெனி என்ன பண்ணும்"னு கேக்கிற மேதைகளுக்கு: ஐ.எல்.ஓ.ங்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019ல கொண்டுவந்த 190வது உடன்படிக்கைய ஒரு தடவை படிங்க. வன்முறை, துன்புறுத்தல், அதோட வர்ற உளவியல் ஆபத்துகள், இதையெல்லாம் வேலையிடப் பாதுகாப்புக்குள்ளயே சேத்துப் பாக்கணும்னு அதுல இருக்கு. டாய்லெட், ஓய்வெடுக்கிற இடம், வேலைக்குப் போற வர்ற வழி வரைக்கும் அதுல வரும். 2021ல ஐ.எஸ்.ஓ.ங்கிற சர்வதேசத் தர அமைப்புகிட்ட இருந்து 45003னு வேலையிட மன ஆரோக்கியத்துக்குன்னே வழிகாட்டுதல் வேற வந்துருச்சு. வேலைப்பளு, ஷிஃப்ட் நேரம், மேலதிகாரி நடந்துக்கிற விதம் எல்லாத்தையும் ஆபத்துன்னே அதுல எழுதியிருக்கு. கேட்டுல சர்டிஃபிகேட் மாட்டுறதுக்கு மட்டும் ஐ.எஸ்.ஓ. வேணும்போல.

இதுல ஒரு அண்ணன் ரொம்ப அக்கறையா எழுதியிருக்காரு, "அதுக்குத்தான் பொண்ணுங்களுக்கு நைட் ஷிஃப்டே வேணாங்கிறது". சூப்பர்வைசர் வாய மூடச் சொல்ல முடியாது, ஆனா எங்க சம்பளத்த நிறுத்தலாம். நல்ல தீர்ப்புண்ணே. நைட் ஷிஃப்ட் அலவன்ஸ வச்சு வீட்டு வாடகை கட்டுற பொண்ணுகிட்ட போய் இத நேர்ல சொல்லிப் பாருங்க.

அப்புறம் அந்தக் கேள்வி. "அப்பவே ஏன் கம்ப்ளெய்ன்ட் பண்ணல?"

பண்ணேன். ஒன்றரை பக்கம், கைப்பட எழுதிக் கொடுத்தேன். ஹெச்.ஆர். மேடம் உக்கார வச்சு, டிஷ்யூ கொடுத்து, ரொம்ப அன்பாத்தான் கேட்டாங்க, "வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?" லெட்டர் அவங்க மேஜை மேலயே கிடக்கு, மடிச்சது மடிச்சபடி. பிரேக் முடியறதுக்கு நாலு நிமிஷம்தான் இருந்துச்சு.

"ஆமா மேடம்"னு சொல்லிட்டு லைனுக்குப் போயிட்டேன்.