சாத்தனூர் அணை உடையவில்லை

மழைக்காலம் வந்தாலே கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "2024இல் சாத்தனூர் அணை உடைந்துதான் கடலூர் மூழ்கியது, மறைத்துவிட்டார்கள்." இது தவறு. திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே உள்ள அந்த அணை உடையவில்லை, இன்றும் அதே இடத்தில் முழுசாக நிற்கிறது.

நடந்தது இதுதான். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அப்புறம் அது உள்நாட்டில் மெதுவாக நகர்ந்து ஊற்றியது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அந்தத் தண்ணீர் தென்பெண்ணை வழியாகத்தான் சாத்தனூருக்கு வந்தாக வேண்டும். அணை ஏற்கெனவே நிரம்பியிருந்ததால், டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அணைக்குக் கீழே விழுப்புரம் பக்கம் பெய்த மழையும் அதோடு சேர்ந்துகொண்டது. மொத்தமும் கடலூரில்தான் கடலைத் தேடி வந்தது.

முன்கூட்டியே சிறிது சிறிதாகத் திறந்திருக்கலாமே, எச்சரிக்கை போதுமா என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி. அணை உடைந்தது என்ற பொய் அந்தக் கேள்வியைத்தான் அமுக்கிவிடுகிறது.