ஆலை மூடிய பிறகு ஆறு யாருக்கு?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சால்மன் மீன் நின்றுகொண்டிருந்தது. முழங்கை நீளம் இருக்கும். விலாவில் பழைய காயம் ஒன்று வெளிறிப்போய்த் தெரிந்தது. எதிர்த்து வரும் தண்ணீரில் வாலை மட்டும் மெல்ல அசைத்து, இருந்த இடத்திலேயே மூச்சு வாங்கியது. என் மகள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு, அது அடுத்த தொட்டிக்குத் தாவும்வரை நகரவே மாட்டேன் என்றாள்.

இடம், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் உள்ள கிராண்ட் ஃபால்ஸ்-வின்சர். 1986இல் படகுகளில் தத்தளித்த நம் ஈழத்து அகதிகளைக் கரைசேர்த்தவர்கள் அந்தத் தீவின் மீனவர்கள்தாம். அந்த நன்றியில்தான் போன ஜூலையில் அங்கே போனோம். திரும்பியதிலிருந்து அந்த ஊரின் நினைப்பாகவே இருக்கிறது.

லண்டனில் டெய்லி மெயில் நடத்திய ஹார்ம்ஸ்வொர்த் சகோதரர்கள் உண்டாக்கிய ஊர் அது. ஐரோப்பாவில் போர் மூண்டால் பத்திரிகைக்குக் காகிதம் கிடைக்காது என்று அஞ்சி, 1905இல் எக்ஸ்ப்ளாய்ட்ஸ் ஆற்றங்கரைக் காட்டையும் தண்ணீரையும் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். அந்தக் கரை அதற்கு முன் பியோத்துக் பழங்குடிகளின் மண். அவர்களைக் கேட்க அப்போது யாரும் மிஞ்சியிருக்கவில்லை. 1909இல் காகித ஆலை ஓடத் தொடங்கியது. கிராண்ட் ஃபால்ஸில் கம்பெனி ஆட்கள் மட்டும்தான் குடியிருக்கலாம். மற்றவர்கள் ரயில் பாதைக்கு அப்பால் வின்சரில். இரண்டு ஊர்களும் ஒன்றானது 1991இல்தான்.

ஆலைக்காகக் காட்டில் மரம் வெட்டியவர்கள் வாரத்துக்கு 60 மணி நேரம் உழைத்தார்கள். 1959இல் வேலைநிறுத்தம் செய்தபோது, முதல்வர் ஸ்மால்வுட் சட்டம் போட்டு அவர்களுடைய சங்கத்தின் அங்கீகாரத்தையே பறித்தார். பேட்ஜர் என்ற சிற்றூரில் நடந்த மோதலில் ஓர் இளம் போலீஸ்காரர் உயிரிழந்தார்.

நூறாண்டு ஓடிய ஆலையை, அப்போது அதை வைத்திருந்த அபிடிபிபவாட்டர் நிறுவனம் 2009இல் மூடியது. மூடப்போவதாக அறிவித்த சில நாட்களிலேயே, 2008 டிசம்பரில், மாகாண முதல்வர் டேனி வில்லியம்ஸின் அரசு காட்டு உரிமை, நீர் உரிமை, நீர்மின் நிலையங்கள் எல்லாவற்றையும் சட்டமியற்றி எடுத்துக்கொண்டது. அந்த அவசரத்தில் ஆலைக் கட்டடமும் தவறுதலாக அரசின் கைக்கு வந்துவிட்டது. நிறுவனம் நாஃப்டா என்ற வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்தைக் காட்டி வழக்காடியது. 2010இல் கனடா அரசு 13 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. நிறுவனம் விட்டுப்போன நச்சுக் கழிவுகளை அகற்றும் செலவும் கடைசியில் மக்கள் தலையில்தான் விழுந்தது.

இதைச் சொல்லித்தான் வில்லியம்ஸ் செய்தது முட்டாள்தனம் என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். சட்டத்தை எழுதியவர்களின் கவனக்குறைவு மன்னிக்க முடியாதது, சரி. ஆனால் அடிப்படை நியாயம் அசைக்க முடியாதது. காட்டையும் தண்ணீரையும் கொடுத்தது எதற்காக? ஆலை ஓட வேண்டும், ஊர் பிழைக்க வேண்டும் என்பதற்காக. ஆலையை மூடிவிட்டு, ஆற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மின்சாரம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்றால் அது எந்த ஊர் நியாயம்? வயலை உழாதவனுக்குக் குத்தகை எதற்கு?

அந்த ஆற்றை ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அருவியைத் தாண்டிச் சால்மன் மேலே போக முடியாது. ஆற்றின் பெரும்பகுதி அதற்கு எட்டாத இடமாகவே இருந்தது. ஆலை ஓடிய காலத்திலேயே உள்ளூர்ச் சங்கம் ஒன்று அரசின் துணையோடு குஞ்சுகளை மேலாற்றில் விட்டது. அருவியின் ஓரமாக மீன் ஏணி கட்டப்பட்டது. படிப்படியாகத் தொட்டிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி ஏறலாம். ஒரு காலத்தில் சொற்பமாக வந்த மீன்கள் பிறகு பதினாயிரக்கணக்கில் திரும்பின. நூறாண்டு குத்தகை வைத்திருந்தவர்கள் ஆலையை மூடிவிட்டுப் போனார்கள். ஆற்றோடு இருந்தவர்கள் மீனை மேலே ஏற்றிவிட்டார்கள். ஆறு யாருடையது என்று கேட்டால் நான் இவர்களைத்தான் காட்டுவேன்.

அந்த மின் நிலையங்களின் வருமானத்தில் முதல் பங்கு அந்த ஊருக்கும் அந்த ஏணிக்கும் போக வேண்டும். ஆலையில் வேலை செய்து வயதானவர்கள் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

நாங்கள் கிளம்பும் முன் அந்த மீன் தாவியது. முதல் முறை சறுக்கி விழுந்தது. இரண்டாம் முறை மேலே போய்விட்டது.