மாட்டு மருந்துக் கடையில் உட்கார என்ன படிக்கணும்?

பக்கத்து வீட்டு அம்மிணி டி.பார்ம் என்கிற மருந்தாளுநர் டிப்ளமோவில் கடைசி வருஷம் படிக்கிறாள். போன வாரம் கடைக்கு வந்தவள், "அண்ணா, இதை முடிச்சா மாட்டு மருந்துக் கடை வைக்கலாமா? மனுச மருந்துக் கடை கொழிஞ்சாம்பாறையில தடுக்கி விழுந்தா ஒண்ணு இருக்குது, மாட்டுக்குத்தான் இல்லைன்னு அப்பா சொல்றாரு" என்றாள்.

சட்டப்படி வைக்கலாம். பதிவு பெற்ற பார்மசிஸ்ட் இருந்தால் சில்லறை உரிமம் கிடைக்கும், மாட்டு மருந்துக்கென்று தனிப் படிப்பு எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்காததுதான் கோளாறே என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தபோது எனக்கு அந்தப் பூனைக்குட்டி ஞாபகம் வந்துவிட்டது.

பி.பார்ம் முடித்து நான் கடையில் உட்கார்ந்த முதல் வருஷம். ஆறாவது படிக்கிற பையன் ஒருத்தன் சட்டைக்குள்ளே குட்டியை வைத்துக்கொண்டு வந்தான். "மேலு சுடுதுங்கண்ணா." குழந்தைகளுக்கான பாரசிட்டமால் சிரப்பை எடுத்தேன். குட்டியின் எடையை வைத்துக் கணக்குப் போட்டு, சிரிஞ்சில் கோடு காட்டி, மூணு வேளை என்று சொல்லி அனுப்பினேன். கணக்கெல்லாம் சரிதான். மறுநாள் சாயங்காலம் அவன் திரும்பி வந்தபோது குட்டியின் முகம் வீங்கியிருந்தது, ஈறு காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது. ராத்திரி தாண்டவில்லை. பாரசிட்டமாலைக் கழித்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் போதாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் கெட்டுப்போகும். நாலு வருஷப் படிப்பில் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. படிப்பில் நான் பார்த்த மிருகமெல்லாம் எலி, முயல், கினிப்பன்றி. அவையும் மனுசனுக்காக மருந்தை ருசி பார்க்க வந்தவை.

மிருகம் என்றால் சின்ன மனுசன், மாடு என்றால் பெரிய மனுசன், எடைக்குத் தக்கபடி டோஸைப் பெருக்கிக்கொள்ளலாம் என்கிற நினைப்புதான் எங்கள் தொழிலில் பெரிய ஆபத்து. மயக்கத்துக்குப் போடுகிற சைலசினையே பாருங்கள். குதிரைக்குக் கொடுக்கிற அளவில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவம்தான். கன்றுக்குட்டிக்கு வாய்வழி கொடுக்கிற ஆன்டிபயாட்டிக்கைப் பெரிய மாட்டுக்குக் கொடுத்தால், தீவனத்தைச் செரிக்க வைக்கிற முதல் வயிற்று நுண்ணுயிர்களே செத்து, அசை போடுவது நின்றுவிடும்.

எங்கள் ஊர்ப்பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. கேரள எல்லையில், பாலக்காட்டுப் பக்கம் இருக்கிற எங்கள் சித்தூர் வட்டாரம் பால் வட்டாரம். கட்டுத்தறியில் இருப்பவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள், மிருகாசுபத்திரி டாக்டர் மலையாளம் பேசுகிறவர், மருந்துப் பெட்டியில் இருப்பது இங்கிலீஷ். டாக்டர் "அகிடுவீக்கம்" என்பார். ஆத்தா "மடி கல்லாட்டம் ஆயிருச்சு" என்பார். டாக்டர் "குளம்புரோகம்" என்பதைத்தான் ஆத்தா கோமாரி என்கிறார். நடுவில் நிற்பவன் மருந்துக் கடைக்காரன். காம்புக்குள் ஏற்றுகிற மருந்துக் குழலை வாங்கிப்போய், ஒன்றையே இரண்டு காம்புக்குப் பங்கு போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இப்போதெல்லாம் குழலைக் கையில் கொடுக்கும் முன் பேனா மூடியைக் காம்பாக வைத்துக் காட்டுகிறேன்: முழுசாகக் கற, நுனியைத் துடை, குழல் மூக்கை நுனியளவு மட்டும் நுழை, ஒரு காம்புக்கு ஒரு குழல்.

அடுத்து வருவதுதான் கஷ்டமான பேச்சு. மருந்து போட்ட பிறகு பாலை எத்தனை நாள் பால் சொசைட்டியில் ஊற்றக் கூடாது என்பது. லேபிளில் அந்தக் காலம் இருக்க வேண்டும் என்று 2012-இல் விதி வந்தது. அந்த மருந்துக்கென்று நிரூபித்த கணக்கு இல்லையென்றால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள். நோய் கண்ட ஒரு காம்பில்தானே மருந்து, மற்ற மூன்று காம்புப் பாலை ஊற்றலாமே என்பார்கள். கூடாது, மருந்து ரத்தத்தில் கலந்து எல்லாக் காம்புக்கும் வரும். ஒரு பெரியவர் கேட்டார்: "ஏழு நாளைக்குப் பாலை ஓடையில ஊத்தறதா தம்பி? தவிட்டுக்காரனுக்கு நீ பணம் குடுப்பியா?" எனக்குப் பதில் வரவில்லை, இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதே வேலையைச் செய்து, பாலை நிறுத்தி வைக்கும் நாள் குறைவாக உள்ள மருந்து இருந்தால், டாக்டரிடம் போனில் கேட்டுச் சொல்ல முடியும். அதற்கு மருந்தும் தெரிய வேண்டும், மாடும் தெரிய வேண்டும், சொசைட்டியில் பால் ஊற்றுகிற நேரமும் தெரிய வேண்டும்.

கழுகு கதை தெரிந்திருக்கும். டைக்ளோஃபினாக் என்கிற வலி மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாய்ச் செத்தன. 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். அப்புறம் மனுசனுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-இல் ஊசிக் குப்பியையே 3 மில்லிக்குச் சுருக்க வேண்டி வந்தது. அந்தப் பெரிய குப்பியை எடுத்துக் கொடுத்தது யார்? எங்களைப் போல் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கிற கழுகுகளுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள்.

சரி, படிப்புக்கு வருகிறேன். அமெரிக்காவில் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகளில் பார்மசிஸ்டுகளுக்கென்றே ஓராண்டு ரெசிடென்சிப் பயிற்சி இருக்கிறது. இங்கே இமாச்சலத்திலும் பஞ்சாபிலும் 'வெட்டினரி பார்மசிஸ்ட்' என்று பதவியே உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது ஏறக்குறைய, டாக்டருக்கு உதவியாக மாடு பார்க்கிற நம் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டர் வேலை. கால்நடை மருந்தியலில் எம்.வி.எஸ்சி. என்கிற மேற்படிப்புக்கு கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி. வேண்டும், பி.பார்ம் செல்லாது. மண்ணுத்தி, பூக்கோடு கால்நடைக் கல்லூரிகள் கேரளத்தில் இந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழகமான தனுவாஸின் கல்லூரிகள் அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் அந்தக் கதவு எங்களுக்குச் சாத்தித்தான் இருக்கிறது.

ஆகவே பாதையை நாமே வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அம்மிணிக்கு நான் சொன்னது இதுதான். டி.பார்மை முடி. பயிற்சி 500 மணி நேரத்தைக் கையெழுத்துக்காக ஓட்டாதே. முடிந்தால் பி.பார்ம் சேர், மருந்து ஆய்வாளர் தேர்வு எழுத அது வேண்டும். கால்நடை மருந்துக் கம்பெனிகளிலும், பல்லடம் பக்கத்துக் கோழித் தீவன ஆலைகளிலும் தரக் கட்டுப்பாட்டு வேலை உண்டு. மெடிக்கல் ரெப் வேலையும் மோசமில்லை, ஆனால் மாதக் கடைசியில் விற்பனை இலக்கு கழுத்தை நெரிக்கும். கோயமுத்தூரில் படித்து அங்கே பதிவு செய்தால், இந்தப் பக்கம் கடையில் உட்காரப் பதிவைக் கேரளத்துக்கு மாற்ற வேண்டும். எல்லைக்காரர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்வது நல்லது.

2025 மார்ச்சில் மத்திய அரசு பசு ஔஷதி என்று கால்நடை ஜெனரிக் மருந்துக்கு 75 கோடி ஒதுக்கியது. நல்லதுதான், விலை குறையட்டும். ஆனால் விலை குறைந்த ஆன்டிபயாட்டிக்கைத் தெரியாதவர் கையில் கொடுத்தால் அதன் வேலை செய்கிற சக்தி இன்னும் வேகமாகத்தான் தீரும். கூடவே பார்மசிஸ்டுகளுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை, பாதி நாள் வகுப்பு, பாதி நாள் மிருகாசுபத்திரி என்று, கால்நடைப் பல்கலைக்கழகங்கள் நடத்தலாம். பி.வி.எஸ்சி.காரர்கள் கோபப்பட வேண்டாம். வைத்தியம் பார்க்க நாங்கள் வரவில்லை, நீங்கள் எழுதுவதைச் சரியாக எடுத்துக் கொடுக்கத்தான் கேட்கிறோம்.

நேற்று அம்மிணி மறுபடி வந்தாள். பாட்டியின் மாட்டுக்கு எழுதிய சீட்டு கையில். "அண்ணா, ஆக்சிடெட்ராசைக்ளின் பக்கத்துல எல்.ஏ.ன்னு போட்டிருக்குதே, அதென்ன? பாட்டி தெனமும் போடணும்ங்குது." நாள் கணக்கில் உடம்பில் நின்று வேலை செய்கிற மருந்து அது, தினமும் போடக் கூடாது, அடுத்த ஊசி எப்போது என்று டாக்டரைக் கேள் என்றேன். சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் மாட்டு மருந்து தொட்டு வேலை பார்க்கிற பார்மசிஸ்ட் யாராவது இருந்தால் கமெண்டில் வாருங்கள். ஞாயிறு மத்தியானம் கடை சாத்தின பிறகு நான் சும்மாதான் இருப்பேன்.