லேப்டாப்பில் ஓடினால் போதுமா?

"சர்வர் ஸ்லோவா இருக்கு, பெரிய பிளானா வாங்கிடலாம்." எங்கள் இணையப் பக்கம் உறைகிறது என்று சொல்லும்போதெல்லாம் வரும் பதில் இது. இதை எத்தனை தடவைதான் கேட்பது? சர்வர் தன் பதிலை அனுப்பி முடித்துவிட்டது என்று, எந்தத் தகவல் எப்போது வந்தது என்பதைக் காட்டும் பிரவுசரின் நெட்வொர்க் டேபில் தெளிவாகத் தெரிகிறது. பக்கம் உறைவது அதற்கப்புறம்தான். அந்த டேபைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் பொறுமையில்லை. பணத்தைக் கட்டினார்கள். பக்கம் அப்படியே நிற்கிறது.

நாங்கள் எழுதுவது வேலூர் காந்தி ரோடு லாட்ஜ்களில் அறை பதிவு செய்யும் பக்கம். யார் அதைத் திறக்கிறார்கள்? வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்காக ரயிலேறி, காட்பாடி ஸ்டேஷனில் மூட்டை முடிச்சுகளோடு இறங்குகிறவர்கள். கையில் விலை குறைந்த பழைய ஆண்ட்ராய்டு போன். மே மாதத்தில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது; சூடேறிய போன் தன் பிராசஸர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தேதியைத் தொட்டால் அசைவில்லை. மறுபடி தொடுகிறார். அப்புறம் எல்லாத் தொடுதலும் மொத்தமாக வந்து விழுந்து, கேட்காத தேதியில் போய் நிற்கிறது. பக்கத்தில் உடம்புக்கு முடியாதவர் உட்கார்ந்திருக்கிறார்.

இதைச் சொன்னால் வரும் பதில், "என் லேப்டாப்ல நல்லா ஓடுதேப்பா." ஏசி அறையில், புது மெஷினில் ஓடாமல் என்ன செய்யும்!

அதைவிட எரிச்சல், ஆளாளுக்கு ஊகத்தில் வைத்தியம் பார்ப்பது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நிரல் வரிகள்தான் லூப்; ஒருவர் அதில் ஃபார்ஈச் வகையையெல்லாம் சாதா ஃபார் லூப்பாக மாற்றுகிறார். இன்னொருவர் பக்கத்துக்கு அடித்தளமான ஃபிரேம்வொர்க்கையே மாற்றலாம் என்கிறார். குரோம் பிரவுசரிலேயே இருக்கும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸைத் திறந்து, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் பெர்ஃபார்மன்ஸ் டேபில் ரெக்கார்டை அழுத்தி, தேதியை ஒரு தரம் தொட்டு நிறுத்திப் பாருங்கள் என்றால் மட்டும் நேரமில்லையாம். சிபியு வேகத்தை ஆறில் ஒரு பங்காகக் குறைத்துச் சோதிக்கும் வசதி அங்கேயே இருக்கிறது. யுஎஸ்பி வயரில் போனைச் செருகி அதிலேயே ரெக்கார்டு செய்யலாம். காசு ஒன்றும் கேட்பதில்லை.

அப்படி ரெக்கார்டு செய்தபோது விஷயம் அப்பட்டமாகத் தெரிந்தது. 50 மில்லிசெகண்டைத் தாண்டும் வேலைக்கு குரோம் சிவப்புக் குறி போடும்; எங்கள் பக்கத்தில் சிவப்பு நீண்டுகொண்டே போனது. அதன் கீழே வரிசையாக ஊதா நிறப் பட்டைகள், அதாவது லேஅவுட்: திரையில் எது எங்கே, எந்த அளவில் என்று பிரவுசர் போடும் கணக்கு. அறைப் பட்டியலில் ஒவ்வொரு வரியின் ஸ்டைலையும் மாற்றி, மாற்றிய கையோடு அதன் உயரத்தைச் சொல்லும் ஆஃப்செட்ஹைட்டைப் படிக்கிறது ஒரு லூப். படித்தவுடன் சரியான உயரத்தைச் சொல்லியாக வேண்டும், அதனால் பிரவுசர் ஒவ்வொரு சுற்றிலும் லேஅவுட்டைத் திரும்பக் கணக்குப் போடுகிறது. உயரங்களை முதலில் படித்துவிட்டு, மாற்றங்களை அப்புறம் எழுதினால் தீர்ந்தது. அந்த லூப் இருக்கும் ஃபங்ஷன் தானே எடுக்கும் நேரத்தையும் (செல்ஃப் டைம்), அது கிளப்பிவிடும் வேலைகளையும் சேர்த்த மொத்த நேரத்தையும் (டோட்டல் டைம்) பிரித்துப் பார்த்திருந்தால், லூப்பின் வகை இதில் ஒரு பொருட்டே இல்லை என்று அன்றைக்கே புரிந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கவும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பெயர்களையெல்லாம் ஓரெழுத்தாகச் சுருக்கிய நிரலை, அதை மூல நிரலோடு பொருத்திக் காட்டும் சோர்ஸ் மேப் வைக்காமல் ஏற்றியிருக்கிறார்கள். ரெக்கார்டு செய்ததைப் பட்டைகளாகக் காட்டும் ஃபிளேம் சார்ட் முழுக்க ஓரெழுத்துப் பெயர்கள். எது யார் எழுதியது என்று தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை.

தொட்டதற்குத் திரையில் பதில் தெரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ஐஎன்பி (இன்டராக்ஷன் டு நெக்ஸ்ட் பெயின்ட்) என்ற பெயரில் கூகுள் 2024 மார்ச்சில் இணையப் பக்கங்களுக்கான தன் முக்கிய அளவுகோல்களில் சேர்த்தது. 200 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது, 500ஐத் தாண்டினால் மோசம். இவ்வளவு தெளிவாக எண் இருந்தும் எங்கள் மீட்டிங்கில், "எனக்கு ஓகேவாத்தான் தோணுது" என்று பேசி முடிக்கிறார்கள்.

திருத்தம் தயார். ஆனால் "அடுத்த ரிலீஸில் பார்க்கலாம்" என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். தள்ளி வைக்கும் முன் ஒரே ஒரு மலிவு போனை எடுத்துக்கொண்டு மதிய வெயிலில் காட்பாடி ஸ்டேஷன் வாசலுக்குப் போய், நம் பக்கத்தில் ஓர் அறை பதிவு செய்து பார்க்கட்டும். அப்புறம் வந்து சொல்லட்டும், சர்வர்தான் காரணம் என்று.